பாப்பாவைக் 'கட்டிப்போட்டது' பற்றி

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் காதுகுத்துக்குப் போனபோது, காரில் அவளை மடியில் வைக்காமல் குழந்தை சீட்டில் (கார் இருக்கையில் பொருத்தி, வாரால் கட்டி உட்கார வைக்கிற சின்ன இருக்கை) வைத்திருந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் திருவொற்றியூர் கோயில் வாசலில் எங்களைத் திட்டியது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். வீடியோவாகவும் சுற்றிவிட்டது. காதுகுத்து நல்லபடியாக முடிந்ததே, இதை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை "பிள்ளையைக் கட்டிப்போட்டு வளர்க்கிறவன்" என்று குடும்ப குரூப்பில் மறுபடியும் ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். ஓடுகிற காரில் கைக்குழந்தை யார் மடியிலும் இருக்கக் கூடாது. அம்மா மடி, பாட்டி மடி, பெரியப்பா மடி, எதிலும் கூடாது.

ஏன் இப்படிப் பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு, இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாப்பாவுக்கு நாலு மாதம் இருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தோம். ஓரத்தில் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். அதில் ஒன்று இண்டிகேட்டர் போடாமல் வெளியே வந்தது. நான் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். பிரேக் அடித்தேன், வண்டி எதிலும் மோதவில்லை. ஆனால் பின்சீட்டில் என் மனைவி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்த குழந்தை கையை விட்டு நழுவி முன்சீட்டின் முதுகில் போய் இடித்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சீட் கவரின் தையல் கோடு அப்படியே நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. மனைவியின் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். அது அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அந்தக் கோடு மறைய இரண்டு நாள் ஆனது.

மோதாமலே இவ்வளவு. மோதியிருந்தால்? 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டாவது மாடியிலிருந்து விழுகிற எட்டு கிலோ குழந்தையை எந்தத் தாயால் கையில் நிறுத்த முடியும்? பாசம் குறைவு என்பதில்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. எந்தக் கைக்கும் கிடையாது.

"பணக்கார வீட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு" என்றார்கள். எனக்கு அதிகம் வலித்தது இதுதான். தண்டையார்பேட்டையில் பழைய கார் வைத்திருப்பவனின் பிள்ளைக்குக் கழுத்து எலும்பு வேறு மாதிரியா இருக்கிறது? கடையில் 28,000 ரூபாய் சீட்டைத்தான் முதலில் காட்டினார்கள். நான் வாங்கியது 6,500. விலையில் வருவது பெரும்பாலும் மெத்தை, துணி, சுழலும் அடிப்பாகம், பெயர். நாம் பார்க்க வேண்டியது வேறு. பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் பொருந்துகிறதா, பிள்ளையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்கும்படி உட்கார வைக்க முடிகிறதா, ஏஐஎஸ் 072, ஈசிஇ ஆர்44, ஆர்129 இவற்றில் ஏதாவது ஒரு பாதுகாப்புத் தர எண் சீட்டிலேயே ஒட்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் விட, நம் வண்டியில் உட்காருகிறதா.

கடைசியாகச் சொன்னதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி என் வண்டியில் இல்லை, பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். பார்த்தால் பின்சீட்டு பக்கிளையே காணோம். சீட் கவர் தைத்தவர் உள்ளே தள்ளி மூடிவிட்டிருக்கிறார். பிளேடால் கிழித்து வெளியே எடுத்தேன். முதலில் பிடித்த சீட்டுக்கு பெல்ட் நீளம் போதவில்லை. கடை இருந்த எம்.சி. ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி விட்டிருந்தேன். கடைப் பையன் சீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று முறை நடந்தான். மூன்றாவது பொருந்தியது. முழங்காலால் அழுத்தி பெல்ட்டை இழுத்துக் கட்டியபின், பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள்வார் பிள்ளையின் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருந்து வர வேண்டும். விரலால் கிள்ளினால் வார் மடங்கி வரக் கூடாது. ஏர்பேக் இருக்கிற முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. நான் வாங்கியது 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்து வைக்கிற சீட். 9 கிலோவிலேயே திருப்பலாம் என்று அட்டையில் இருக்கிறது, நான் திருப்ப மாட்டேன். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. பின்பக்கம் பார்த்து, முதுகு முழுவதும் சீட்டில் சாய்ந்திருந்தால்தான் அடியை முதுகு வாங்கும்.

இனாமாக வந்த பழைய சீட்டை வேண்டாம் என்றதற்கும் கோபம். அந்த சீட் இருந்த வண்டி எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டேன், பதில் வரவில்லை. தேதி போட்டிருந்த லேபிளும் கிழிந்திருந்தது. அதனால்தான் வாங்கவில்லை. கொடுத்தவர் மனதைப் புண்படுத்த இல்லை.

"ஆட்டோவில் போகும்போது என்ன செய்வாய்?" ஆட்டோவில் வழி இல்லை, காரில் இருக்கிறது. இருக்கிற இடத்திலாவது செய்கிறேன். "நாங்கள் எல்லாம் இப்படியா வளர்ந்தோம்?" நீங்கள் வளர்ந்தபோது நம் தெருவில் கார் ஏது? அழுகிறாள் என்றால், ஆமாம், அழுகிறாள். ஓரமாக நிறுத்தித் தூக்கிக்கொள்கிறோம், பால் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். சட்டம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை.

என்னை என்ன சொன்னாலும் போகட்டும். கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் என் மனைவியைப் பார்த்து, "பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக்கூட உனக்குச் சோம்பேறித்தனமா" என்று கேட்டார்களே, அதை எப்படிப் போகட்டும் என்பது? ஏழு மாதமாக அவள் முழுசாக ஒரு ராத்திரி தூங்கியதில்லை. வளையல் குத்திய தழும்பு இன்னும் அவள் கையில் இருக்கிறது. அன்று அவள் பதில் பேசவில்லை. குனிந்து பாப்பாவின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வீடியோவில் அதுவும் இருக்கிறது, யாரும் அதைப் பற்றி எழுதவில்லை.

பெரியப்பா, உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அடுத்த ஞாயிறு மீஞ்சூர் வீட்டுக்கு வருகிறோம். பாப்பா அந்த சீட்டில்தான் வருவாள். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், முதலில் உங்கள் மடியில்தான் கொடுப்பேன்.