டிரம்ப்பின் நியூயார்க் வழக்கு பைடன் போட்டதல்ல

“பைடன் தன் நீதி அமைச்சகத்தை ஏவி, டிரம்ப் மீது 34 குற்றங்களைச் சுமத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தார்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான தகவல்.

அது நியூயார்க் மாநில வழக்கு. 2024 மே 30-ல் டிரம்ப்பைக் குற்றவாளி என்றது 12 பேர் கொண்ட ஜூரி. வழக்குப் போட்டவர் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் ஆல்வின் பிராக். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. 34 என்பதும் 34 தனித்தனி மோசடிகள் அல்ல. ஒரு நடிகையின் வாயை அடைக்கக் கொடுத்த ஒரே பணப் பட்டுவாடாவை மறைக்க எழுதிய 11 பில், 12 கணக்குப் பதிவு, 11 காசோலை, அவ்வளவுதான். கடைசியில் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை.

பிராக், பைடனின் ஜனநாயகக் கட்சிக்காரர். அதனால் வழக்கில் அரசியல் கலந்ததா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்காகப் பைடன் பெயரை நுழைப்பது பொய்.

சரி, பைடன் காலத்து நீதி அமைச்சகம் நடத்தியவை எவை? டிரம்ப் மீது அந்த அமைச்சகத்தின் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் தொடுத்த இரண்டு வழக்குகள். தேர்தலுக்குப் பின் அவை கைவிடப்பட்டன. பைடனின் மகன் ஹன்டர் மீதான துப்பாக்கி வழக்கும் அதே அமைச்சகம் நடத்தியதுதான். 2024 ஜூனில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. டிசம்பரில் அப்பாவே மன்னிப்பு வழங்கினார். பாரபட்சம் என்று பைடனைச் சாடுவதென்றால், இதை வைத்துத் தாராளமாகச் சாடலாம்.