கறுப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே பருவமா?

யாருக்கு எந்த நிற உடையும் மேக்கப்பும் பொருந்தும் என்று பார்க்க, சருமம், முடி, கண் இவற்றின் நிறத்தை வைத்து ஆட்களை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ‘பருவங்களாக’ப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, கறுப்பு, மாநிறம் என்றாலே ‘இலையுதிர்காலம்’, அதாவது செங்கல், ஆரஞ்சு போன்ற மஞ்சள் கலந்த நிறங்கள்தான் பொருந்தும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது; என்னால் ஏற்க முடியவில்லை. சருமம் எவ்வளவு கறுப்பு என்பது வேறு, அதன் அடியில் ஓடும் சாயல் மஞ்சளா நீலமா என்பது வேறு. நல்ல கறுப்பு நிறத்தவர்களிலேயே குளிர்ச்சாயல் (நீலச் சாயல்) உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் செங்கல் நிற லிப்ஸ்டிக் முகத்தை வாட்டிக் காட்டும். நீலம் கலந்த சிவப்பு பூசினால் எவ்வளவு எடுப்பு!

உங்கள் சாயல் எது என்று அறிய, மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, ஆரஞ்சுத் துணியையும் (மஞ்சள் சாயலுக்குப் பொருந்துவது) அடர் ரோஜா நிறத் துணியையும் (நீலச் சாயலுக்குப் பொருந்துவது) மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். துணியைப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கீழே பாருங்கள். பொருந்தாத நிறத்தில் கருவளையம் தூக்கலாகத் தெரியும். (முடிக்குச் சாயம் பூசியிருந்தால் அதை மூடிக்கொள்ளுங்கள்.) ஆசைப்பட்ட நிறம் ஒத்துவரவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம், பாவாடை, பேன்ட் என்று முகத்துக்குத் தள்ளி உடுத்துங்கள்.