பார்க்காத பிபியை எழுதாதீர்கள், கட்டம் காலியாகவே இருக்கட்டும்

அந்த ரீலை நேற்று ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். நர்ஸ் யூனிஃபார்மோடு ஒரு பெண், விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு உட்கார்ந்து, நோயாளிகளின் பிபி, மூச்சு எல்லாம் எழுதும் சார்ட்டில் ராத்திரி பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணிக் கட்டங்களை எல்லாம் யாரையும் பார்க்காமலே ஒரே மூச்சில் நிரப்புகிறார், பின்னால் குத்துப்பாட்டு. நான் போட்ட கமெண்ட் ஒரே வரிதான்: "பார்க்காததை எழுதாதீங்கம்மா, காலியா விடுங்க." அதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். பூமர் அக்கா, மேனேஜ்மென்ட்டுக்குச் சொம்பு தூக்குறவங்க, இவங்க பெரிய நைட்டிங்கேல். சரி, இருக்கட்டும்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுசு, விளையாட்டுத்தனம். கீழே போய் "நாங்களும் இப்படித்தான்" என்று சிரித்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வருஷ, நாலாம் வருஷ நர்சிங் மாணவிகள். ஹார்ட் போட்டவர்களில் எனக்குத் தெரிந்த டியூட்டர்களே இரண்டு மூன்று பேர். எரிச்சல் அங்கேதான்.

காலியான கட்டம் ஒரு உண்மையைச் சொல்கிறது: இந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்த டாக்டர், போய்ப் பாரு என்று சொல்வார். நிரப்பின கட்டம், பார்த்தாச்சு, நல்லா இருக்கார் என்று சொல்கிறது. அடுத்து வருகிற ஒவ்வொருத்தரும் அதை நம்பித்தான் மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், டிஸ்சார்ஜ் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றா?

முக்கியமாக அந்த ரெஸ்பிரேஷன் கட்டம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதுவது. எந்த வார்டிலாவது போய் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். 20, 20, 20. முப்பது பெட்டும் ஒரே தாளத்தில் மூச்சு விடும். பிபிக்காவது மெஷின் இருக்கிறது, இதற்கு ஒரு நிமிஷம் முழுசாக நின்று நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும், அதனால்தான் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் உடம்பு கெடப்போகிறது என்றால் பல நேரம் முதலில் மாறுவது அதுதான். செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளே கெடும் நிலை, அந்தச் சந்தேகத்துக்கு 2016ல் வந்த க்யூ-சோஃபா என்கிற சோதனைப் பட்டியலில் இருப்பதே மூன்று விஷயம்: மேல் பிபி 100 அல்லது அதற்குக் கீழே, நினைவுத் தடுமாற்றம், மூச்சு 22 அல்லது அதற்கு மேல். நாம் வாய்க்கு வந்தபடி எழுதும் 20க்கும் அந்த 22க்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேபர் வார்டு பக்கம் போனால் இன்னும் மோசம். எக்லாம்ப்சியாவுக்கு, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி வரும் வலிப்புக்கு, மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்பேட்) ஓடுகிற தாய்க்கு அடுத்த டோஸ் போடும் முன்னால் முழங்காலில் தட்டினால் கால் உதறுகிற ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, யூரின் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த மருந்து அளவுக்கு மேல் ஏறிவிட்டால் மூச்சே நின்றுவிடும், அதற்குத்தானே முறிவு மருந்தான கால்சியம் குளுகோனேட்டைப் பக்கத்திலேயே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்திலும் எண்ணாமல் 20 என்று எழுதுவீர்களா? பாட்டு போட்டு ரீல் எடுப்பீர்களா?

"ஓவரா பேசாதீங்க, இதனால யார் செத்தா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். என் அப்பாவை நிமோனியாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பேர் வேண்டாம். நான் நர்ஸ் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஒன்று பயப்படுவார்கள், இல்லை முறைப்பார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஊசி போட வந்த பெண் போன பிறகு விடியும்வரை ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, நானே எண்ணினேன், 30க்கு மேல். கவுண்டரில் போய்ச் சொன்னால், "சார்ட்ல நார்மலாதாம்மா இருக்கு, நீங்க டென்ஷன் ஆகாதீங்க." காலையில் டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, நைட் நல்லாதான் இருந்திருக்காரு என்றார். எட்டிப் பார்த்தேன். இரண்டு மணி, மூச்சு 20, பிபி 120/80. ஆறு மணிக்கும் அதே. வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் என் அப்பாவுக்கு 120/80 வந்து நான் பார்த்ததே இல்லை! அப்புறம்தான் நான் யார் என்று சொன்னேன். டாக்டர் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு நேராக ஐசியூவுக்கு மாற்றினார். அப்பா பிழைத்து வந்தார். "அதான் ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது எழுதினால் பிளாக்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாஃப் பத்தாது என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், உங்களை விட எனக்கு நல்லாவே தெரியும். போதனா மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. நைட்டில் ஒரு வார்டையே தனியாகப் பார்த்தவள் நான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஆள் போடுங்கள் என்று நாம் கேட்கும்போது மேனேஜ்மென்ட் எதை எடுத்துக் காட்டுகிறது? நாம் நிரப்பிக் கொடுத்த சார்ட்டை. ஒரே ஸ்டாஃப், முப்பது பெட், ஒரு கட்டம் விடாமல் பிபி, மூச்சு என்று எல்லா வைட்டல்ஸும் பார்த்தாச்சு, அப்புறம் எதற்கு இன்னொரு ஆள்? நமக்கு எதிரான சாட்சியை நம் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு என்னைச் சொம்பு என்கிறீர்கள். பிரமாதம்.

சம்பளம் கம்மிதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடுத்து.

காலியாக விட்டால் மெமோ வரும் என்பதுதான் உண்மையான பயம், அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் நோயாளியையா பார்க்கிறார்கள், ஃபைலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகா வந்தது? முதல் வருஷமே ஆரம்பிக்கிறது. நோயாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் கேர் பிளானைச் சீனியர் நோட்டிலிருந்து அப்படியே இறக்குவது, பேர், பெட் நம்பர் மட்டும் மாற்றுவது. பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாகப் பயிற்சிப் பதிவேடான லாக்புக்கில் எழுதுவது, அதற்குக் கையெழுத்தும் கிடைப்பது. டியூட்டர் திருத்துவது எதை? மார்ஜின் கோணலாக இருக்கிறதா, ஹெடிங் கலர் பேனாவில் இருக்கிறதா. மத்தியப் பிரதேசத்தில் என்ன நடந்தது? நர்சிங் கல்லூரிகள் உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க ஹைகோர்ட் சிபிஐயை அனுப்பியது. நல்ல ரிப்போர்ட் எழுதித் தர லஞ்சம் வாங்கினார்கள் என்று 2024 மே மாதம் சிபிஐ தன் ஆட்களையே கைது செய்ய வேண்டியிருந்தது. கட்டடமே பொய்க் கணக்கில் நிற்கும்போது பத்தொன்பது வயசுப் பிள்ளையிடம் போய் மூச்சை எண்ணு என்றால் அது சிரிக்கத்தான் செய்யும். இதை எழுதும்போதே எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

அப்புறம் அந்த நைட்டிங்கேல் நக்கல். அந்த அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது மட்டும்தான் உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது. 1854ல் கிரிமியப் போரின்போது துருக்கியில் ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்குப் போய், சிப்பாய்கள் காயத்தை விட நோயால்தான் அதிகம் சாகிறார்கள் என்று கணக்கெடுத்து, படம் போட்டுக் காட்டி அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். யாராவது ஐந்தேமுக்காலுக்கு உட்கார்ந்து நிரப்பிய எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்?

இத்தனை ரகளையில் உருப்படியாகக் கேட்டது ஒரே ஒரு மூன்றாம் வருஷப் பிள்ளைதான். "அக்கா, காலியா விட்டு இன்சார்ஜ் சிஸ்டர் திட்டினா என்ன சொல்லணும்?" அவளுக்கு அனுப்பியதையே இங்கேயும் போடுகிறேன். நர்ஸஸ் நோட்ஸில் எழுதும்மா. இரண்டு மணிக்கு இந்த பெட்டில் எமர்ஜென்சி, அதனால் மற்றவர்களுக்கு வைட்டல்ஸ் எடுக்க முடியவில்லை என்று எழுது. 3.10க்கு எடுத்தால் 3.10 என்றே போடு, இரண்டு என்று போடாதே. எடுக்கவே முடியவில்லை என்றால் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, டியூட்டி மாறும்போது ஹேண்டோவரில் வாயாலும் சொல்லு. அதற்கும் மேல் திட்டினால் டியூட்டி முடிந்ததும் எனக்குக் கால் பண்ணு.