சைமன் பெக் வெறும் சிரிப்பு நடிகர் அல்ல
‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளிப் படங்களில் ஸ்காட்டி என்ற பொறியாளராக வந்து சிரிக்க வைத்ததுதான் அறிவியல் புனைவில் பிரிட்டிஷ் நடிகர் சைமன் பெக் செய்தது என்று, அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ படத்தின் திரைக்கதையை டக் ஜங்குடன் சேர்ந்து எழுதியதே அவர்தான். அதற்கு வெகு முன்பே, 1999-இல் தொடங்கிய, ஜெசிகா ஹைன்ஸுடன் சேர்ந்து பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்கு எழுதிய ‘ஸ்பேஸ்டு’ நகைச்சுவைத் தொடரில், ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்கள் பலர் வெறுத்த ஜார் ஜார் பாத்திரத்தின் பொம்மையைக் கேட்ட சிறுவன்மேல் எரிந்து விழும் காமிக்ஸ் கடை ஊழியனாக வருவார். ஒரு ரசிகனின் மனசு எவ்வளவு புண்படும் என்று தெரிந்தவர்தான் அப்படி எழுத முடியும். அப்புறம் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ (2013). சொந்த ஊர்க்காரர்களின் இடத்தில் வேற்றுலகப் போலிகள் உலவும் கதை. இயக்குநர் எட்கர் ரைட்டுடன் எழுதியது. அதில் பெக் நடித்த குடிகாரன் கேரி கிங்கின் மணிக்கட்டில், அவன் தற்கொலைக்கு முயன்றதைக் காட்டும் கட்டு தெரியும் இடம் வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டிலும் குடியோடு போராடிய ஒருவர் இருந்தார், அவரும் இப்படித்தான் பழைய நாட்களையே பேசிக்கொண்டிருப்பார். பெக் தன் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பின்னால் வெளிப்படையாகப் பேசியதைப் படித்தபோது, அந்தக் காட்சி ஏன் அவ்வளவு உண்மையாக இருந்தது என்று புரிந்தது.