டிஃப்ராக் செய்ய எட்டு மணி நேரம் ஆகுமா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “எந்தக் கம்ப்யூட்டரையும் வாரம் ஒருமுறை டிஃப்ராக் செய்யுங்கள். எட்டு மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தினால் ஃபைல்கள் அழிந்துவிடும்.” இதை நம்பாதீர்கள்.

எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைப் படித்து, வேறு இடத்தில் சேர்த்து எழுதுவதுதான் டிஃப்ராக். சிதறல் குறைவென்றால் சில நிமிடங்களில் முடியும். பெரிய டிஸ்க், லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள், காலி இடமும் குறைவு என்றால் பல மணி நேரம் இழுக்கும். விண்டோஸ் 98 காலத்தில், வேறு புரோகிராம் ஏதாவது டிஸ்க்கில் எழுதினாலே வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ராத்திரி முழுக்க ஓடவிடும் பழக்கம் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நிறுத்துவதற்கும் பயப்பட வேண்டாம். ‘ஸ்டாப்’ பட்டனை அழுத்தினால் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும்.

வாரம் ஒருமுறை நீங்களே செய்யவும் வேண்டாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே அது தானாக நடக்கிறது.

சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயம் வேறு. அதில் சுழலும் தட்டே இல்லை; துண்டுகளைத் தேடி அலையும் தாமதமும் இல்லை. அடிக்கடி டிஃப்ராக் செய்தால் தேவையில்லாத எழுத்து வேலைதான் கூடும். விண்டோஸ் 8 முதல், டிஃப்ராக் கருவியில் ‘ஆப்டிமைஸ்’ கொடுத்தால் எஸ்எஸ்டிக்கு டிரிம் கட்டளை போகும்; அழித்த ஃபைல்கள் இருந்த இடங்கள் இனி தேவையில்லை என்று சொல்வதுதான் அது. இந்த வேலை பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும்.

அப்புறம் ஒன்று: டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் நகலெடுங்கள்.