முகப்புக்குக் காசைக் கொட்ட முதல், வாசற்படியைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ கடை புதுப்பிக்கிற ஆட்கள் முதலில் கைவைப்பது முகப்பில்தான். மேலே அலுமினியச் சீற், கீழே முழுக் கண்ணாடி, நடுவில் எரிகிற பெயர்ப்பலகை. கொழும்பிலும் சென்னையிலும் கண்ட அதே அச்சு. காசின் பெரும்பங்கு அங்கே முடிந்த பிறகு, மிச்சத்தில்தான் லைற், தரை, கதிரை, உடுப்பு மாற்றுகிற அறை எல்லாம். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுவேன். வருகிற சனத்தின் காலுக்கும் கண்ணுக்கும் முதலில் செலவழியுங்கள். முகப்புக் கடைசிக்கு நிற்கட்டும்.

அந்தக் கண்ணாடி என்ன செய்கிறது என்று மத்தியானத்தில் றோட்டின் மறுபக்கம் நின்று பாருங்கள். வெளியே வெயில் பல பத்தாயிரம் லக்ஸ். உள்ளே கூடினால் ஐந்நூறு. கடை தெரியாது, எதிர்க்கடையின் பெயர்ப்பலகைதான் கண்ணாடியில் தெரியும். கண்ணாடி வேண்டுமென்றால் அதற்கு மேல் 4 அடித் தாவாரம் இறக்கி நிழல் கொடுங்கள், உள்ளே பின்சுவருக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பின்சுவர் பளிச்சென்று தெரிந்தால் வெளியில் நிற்பவரின் கண் தானாக அதுவரைக்கும் போகும். மேற்குப் பார்த்த கடைக்குத் தாவாரமும் காணாது. சூரியன் 30 பாகைக்கு இறங்கினால் 4 அடித் தாவாரம் மறைப்பது கண்ணாடியின் மேல் இரண்டேகால் அடியை மட்டும்தான். சுருட்டி இறக்குகிற திரை ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் காட்சிக்கு வைத்த சேலைகளின் மடிப்பு ஓரம் வெளுத்துப்போகும், பிறகு அதை யாரும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்கள். சோளகக் காற்றுத் தொடங்கினால் புழுதி வேறு.

இனி வாசற்படி. மாரி வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்துவது நியாயம். ஆனால் வாய்க்காலுக்கு மேல் சிலாப், அதற்கு மேல் 6 அங்குலப் படி மூன்று என்றால் மொத்தம் 18 அங்குலம் ஏற்றம். சரிவுப்பாதைக்குப் பல நாடுகளிலும் சொல்கிற கணக்கு 1க்கு 12. அதன்படி 18 அங்குல ஏற்றத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். எங்கள் மேசன்மார் போட்டுத் தருவது 4 அடி. அதில் மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றலாம், சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது. செயற்கைக் கால் போட்ட ஒருவர் அதில் இறங்குவதற்குப் படியே பரவாயில்லை. யுத்தத்தில் காலிழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற இடத்தில் இது சின்ன விசயம் இல்லை. 2006இல் இருந்தே இதற்கு நாட்டில் ஒழுங்குவிதியும் இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழி உண்டு. வாசற் பகுதியை றோட்டில் இருந்து 6 அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். அதற்கு 6 அடிச் சரிவு போதும். மிச்ச 12 அங்குலத்தை உள்ளே பக்கச்சுவரோடு 12 அடிச் சரிவாகக் கொண்டுபோங்கள். அகலம் 3 அடிக்குக் குறையக்கூடாது, கைபிடி வேண்டும். அந்தச் சுவரில் இறாக்கை அடித்துச் சாமானும் வைக்கலாம், இடம் வீணாகாது. கதவுக்குக் குறுக்கே கம்பித்தட்டு மூடிய ஒரு சின்னக் கானும் வெட்டிவிட்டால் சாதாரண மழைத் தண்ணீர் உள்ளே வராது. முதல் எட்டடிக்காவது மினுக்கமில்லாத ரைல்ஸ் போடுங்கள். ஈரச் செருப்போடு மினுங்குகிற ரைல்ஸில் கால்வைத்தால் வழுக்கும்.

உள்ளே வந்தவருக்கு வெயிலில் இருந்து கண் பழக நாலைந்து காலடி தூரம் வேண்டும். அந்த இடத்தில் அடுக்கி வைத்த சாமானை யாரும் பார்ப்பதில்லை. கடைகளில் சனம் நடக்கிற விதத்தைக் கவனித்து ஆராய்ந்த அமெரிக்கர் பாகோ அண்டர்ஹில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது: ஹெல்மற். அதைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு கைதான் மிச்சம். ஒரு கையால் சேலையை விரித்துப் பார்க்க ஏலாது. வாசலுக்குப் பக்கத்தில், காசு மேசையில் இருப்பவரின் கண்ணில் படுகிற இடத்தில், 14 அங்குலச் சதுரத் தட்டுகள் ஒரு இருபது அடித்துவிடுங்கள். பையை வாங்கி ரோக்கன் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் விடுங்கள். வந்தவரைக் கள்ளனாகப் பார்த்துக்கொண்டு "வாங்கோ" சொல்வதில் அர்த்தமில்லை.

நடைவழி 3 அடி இருந்தால் ஒருவர் போகலாம். குனிந்து கீழ்த்தட்டைப் பார்க்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒருவர் உரசாமல் போக வேண்டுமென்றால் 4 அடிக்கு மேல் வேண்டும். ஒருமுறை பின்னால் இடிபட்டால் அவர் அந்தத் தட்டை விட்டு விலகிவிடுவார். இதையும் அண்டர்ஹில் கவனித்து எழுதியிருக்கிறார்.

புடவைக் கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாக. கல்யாணக் கூறைச் சேலை எடுக்க ஒருவர் தனியே வருவதில்லை. பெண், தாய், மாமி, அம்மம்மா, கூட வந்த சின்னப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர். வட்ஸ்அப்பில் கனடாவில் இருந்து பெரியம்மா. ஆட்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிறம் பார்க்கிறார்கள் என்றால் உங்கள் லைற் பிழை. லைற் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறை உச்சமாக வைத்த அளவு சி.ஆர்.ஐ. மலிவான எல்.ஈ.டி.யில் அது 80தான் இருக்கும், அதில் சிவப்பு மட்டும் சரியாக எழும்பாது. அதுவும் 6500 கெல்வின் நீலவெள்ளை என்றால் அரக்கு நிறம் மண்ணிறமாகத் தெரியும். துணி விரிக்கிற மேசைக்கு மேலாவது சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட, 3500 முதல் 4000 கெல்வின் வரையான லைற் போடுங்கள். கடை முழுவதும் மாற்றத் தேவையில்லை.

வாங்க முதல் கைபேசிக் கமராவை லைற்றுக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டை ஓடினால் அந்த லைற் வேண்டாம். அது செக்கனுக்கு நூறு தரம் துடிக்கிறது. எங்களுக்குத் தெரியாது, கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்குத் தெரியும். மேசையில் கைபேசி நிறுத்த ஒரு தாங்கி, சுவரில் வைஃபை கடவுச்சொல். அம்மம்மாவுக்கு 18 அங்குல உயரத்தில் கைபிடி உள்ள கதிரை. பதிந்த சோபா போட்டால் அதிலிருந்து எழும்ப அவருக்கு இரண்டு பேர் வேண்டும்.

உடுப்பு மாற்றுகிற அறை 4 அடிக்கு 4 அடி, கொழுக்கி மூன்று, உள்ளே பூட்டு, சுவர் கூரை வரைக்கும். சீசீடீவி அந்தப் பக்கமே திரும்பியிருக்கக் கூடாது. லைற்றைத் தலைக்கு நேர்மேலே மாட்டினால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், எந்த உடுப்பும் எடுபடாது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் மாட்டுங்கள்.

சாமிப்படத்துக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி முதலாளி இருக்கிற பழைய காசு மேசையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்கிற வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். வருகிறவரை முகம் பார்த்துக் கூப்பிடுகிற ஒரே இடம் அது.

ரைல்ஸுக்கு முற்காசு கொடுக்க முதல், வெறுந்தரையில் வெண்கட்டியால் இறாக்கையையும் மேசையையும் சரிவையும் முழு அளவில் கீறுங்கள். ஹெல்மற்றோடு ஒருவர், பிள்ளையைத் தூக்கியபடி ஒருவர், ஊன்றுகோலோடு ஒருவர் என்று மூன்று பேரை ஒரேநேரத்தில் நடக்க விடுங்கள். கோட்டை மிதிக்கிற இடமெல்லாம் அழித்துத் திரும்பக் கீறுங்கள்.