நாற்காலி எந்தப் படியில் இருக்கிறது?

போன வாரம் அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி. ஊழியர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று தலைப்பு. எதிர்பார்த்தபடியே பத்தாவது நிமிடத்தில் திரையில் அந்த முக்கோணம் வந்துவிட்டது. மாஸ்லோ முக்கோணம். மனிதனின் தேவைகளை அடுக்கிக் காட்டுவது, மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரில் வழங்குவது. அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேலே பாதுகாப்பு. அப்புறம் அன்பு, மதிப்பு என்று ஏறிக்கொண்டே போகும். "கீழ்மட்ட வேலை பார்க்கிறவங்களுக்கு மேல இருக்கிறதெல்லாம் இப்போதைக்குத் தேவைப்படாது. சம்பளம் தேதிக்குப் போனால் போதும்" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் சித்தி ஞாபகம் வந்தது.

சித்தி மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில், பட்டுப் பிரிவில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கடையில் ஈ ஓட்டுகிற நேரத்திலும் உட்காரக் கூடாது. ரேக்கில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குவார். ஒரு காலில் பாரம் போட்டு இன்னொரு காலுக்கு ஓய்வு, பிறகு மாற்றி. "கொக்கு மாதிரிடா" என்று சித்தியே சொல்லிச் சிரிப்பார். சுத்தமாக முடியாதபோது பெட்டி எடுக்கிற சாக்கில் கவுண்டருக்கு அடியில் குனிந்து, புடவைக் கட்டுகளுக்கு நடுவே அரை நிமிடம் குந்திக்கொள்வார்களாம். இன்றைக்கு அவருடைய கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கிறது.

இதற்கு ஒரு சட்டம் வந்தது பலருக்குத் தெரியாது. 1947-இல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும் என்பதுதான் அது. கேரளத்தில் 2018-லேயே செய்துவிட்டார்கள். அதுவும் யாரும் தாமாக முன்வந்து கொடுத்ததில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகப் போராடி, பிறகு உட்காருவதற்காகப் போராடி வாங்கியது. உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

சரி, சித்தி கடைக்கும் ஸ்டூல் வந்தது. மாடிக்கு நாலு. யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. உட்காரலாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அதன்மேல் அட்டைப் பெட்டிகள் ஏறிவிட்டன. அன்றைக்கு சித்தி சொன்னது: "உக்காந்தா கால்வலி போயிரும்னு இல்லடா. நீ உக்காரலாம்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லணும்ல."

இப்போது சொல்லுங்கள், அந்த ஸ்டூல் முக்கோணத்தில் எந்தப் படி? உடம்புக்கான தேவையா, மரியாதைக்கான தேவையா?

மாஸ்லோவைக் குறை சொல்ல வரவில்லை. 1943-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது. அதைப் பின்னால் வந்தவர்கள் வரைந்தார்கள். ஒரு தேவை நூறு சதவீதம் நிறைந்த பிறகுதான் அடுத்தது முளைக்கும் என்று நினைப்பது தவறு என்று அவரே அதில் சொல்கிறார். விளக்குவதற்காக ஒரு கணக்கும் போடுகிறார்: உடல் தேவை 85 சதவீதம் நிறைந்திருக்கும், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, உச்சியில் இருப்பது 10. உத்தேசக் கணக்குதான். ஆனால் எல்லாமே ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. படம் வரைந்தவர்கள் அதை மாடிப்படி ஆக்கிவிட்டார்கள். மாடிப்படி ஆனதும் ஒரு வசதி: கீழே நிற்பவனுக்கு மேலே உள்ளது தேவையில்லை என்று சொல்லிவிடலாம். செலவு மிச்சம்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பந்தியில் இலை போட்ட பிறகு யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று சாப்பிடாமல் எழுந்து வந்தவர்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள். எங்கள் தாத்தா அப்படி மூன்று கல்யாணத்தில் எழுந்து வந்தவர். மூன்றிலும் அவர் மேல்தான் தப்பு என்பது பாட்டியின் கட்சி, அது வேறு கதை.

ஒரு தீபாவளிக்கு அதிக விற்பனைக்காக சித்திக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். எங்கே இருக்கிறதென்று கேட்டால் பரணில் தேட வேண்டும் என்பார். ஆனால் பீரோவில் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம், இரண்டு மணி நேரம் பொறுமையாக எடுத்துக் காட்டியதற்காக, பெயரைக் கேட்டு எழுதி, திரும்பக் கடைக்கே வந்து கொடுத்தது. உறையில் சித்தி பெயருக்கு முன்னால் "திருமதி" போட்டிருக்கும்.

இந்த ஆடித் தள்ளுபடிக்குச் சித்தியை வேறொரு கடைக்குக் கூட்டிப் போனேன். பட்டுப் பிரிவில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் இருந்தது, அதன்மேல் பெட்டிகளும் இருந்தன. சித்தி ஒன்றும் பேசவில்லை. பெட்டிகளைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தார். மடிப்புக் கலைக்காமல் புடவையை உதறுகிற அந்தப் பழைய கைவாகில் ஒரு பச்சைப் பட்டை முழுசாக விரித்து, சூப்பர்வைசர் நின்ற பக்கமாகத் தோள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, "இந்த பார்டர் எப்படிடா இருக்கு, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் என்னிடம்.

நானும் நன்றாகவே பார்த்தேன். ஒரு ஐந்து நிமிடம் இருக்கும்.